இளம் வயதுப் புற்றுநோயாளிகள் மருத்துவ ஆய்வுகளில் சேர வழி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
கடலூர் மாவட்ட இளம் புற்றுநோயாளிகளின் பெற்றோர், புற்றுநோய் வார்டு செவிலியர், மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர்கள்
(கையொப்பப் பட்டியல் தனியே)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர் – 607 001.

பொருள்: 13 முதல் 39 வயது வரையுள்ள புற்றுநோயாளிகளை மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முறையைச் சீர்செய்து, கிளினிக்கல் டிரையல் எனப்படும் மருத்துவ ஆய்வுகளில் சேரும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கச் செய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரத்தப் புற்றுநோய், ஹாட்ஜ்கின் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய், எலும்புப் புற்றுநோய், விதைப்பைக் கட்டி ஆகியவை பள்ளி, கல்லூரி வயதினரையும் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களையும் தாக்குபவை. நம் மாவட்டத்திலிருந்து இவர்கள் பெரும்பாலும் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ செல்கிறார்கள். அங்கே மருத்துவ ஆய்வு நடந்துகொண்டிருந்தாலும் பலர் அதில் சேர முடிவதில்லை. காரணம் பெரும்பாலும் நம் ஊரில் முதல் வாரத்திலேயே உண்டாகிவிடுகிறது. அதைத் திருத்தத் தங்கள் ஆணை ஒன்றே போதும் என்பதால் இம்மனுவைத் தங்களிடம் அளிக்கிறோம்.

முதல் சிக்கல் வயது. பல மருத்துவமனைகளில் 12 வயது முடிந்தால் குழந்தைகள் வார்டில் சேர்ப்பதில்லை. பெரியவர்கள் வார்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரியவர்களுக்கான ஆய்வுகளோ பெரும்பாலும் 18 வயதில்தான் தொடங்கும். இந்தியாவில் குழந்தைகள் ரத்தப் புற்றுநோய்க்காக நடத்தப்பட்ட ஐசிக்கிள்–14 ஆய்வு 1 முதல் 18 வயது வரை சேர்த்துக்கொண்டது. ஆனால் 16 வயதுப் பையன் பெரியவர்கள் வார்டில் படுத்திருந்தால், இப்படியோர் ஆய்வு இருப்பதை அவன் குடும்பத்துக்கு யார் சொல்வது?

இதன் விளைவு சிறியதல்ல. அமெரிக்காவில் 1988 முதல் 2001 வரை, லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய் வந்த 16–20 வயதினருக்குக் குழந்தைகளுக்கான ஓர் ஆய்வுக் குழுவும் பெரியவர்களுக்கான ஓர் ஆய்வுக் குழுவும் தனித்தனியே சிகிச்சை செய்து வந்தன. 2008-இல் வெளியான ஒப்பீட்டின்படி, குழந்தைகள் குழுவின் ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் 67 விழுக்காட்டினர் 7 ஆண்டு கழித்தும் உயிருடன் இருந்தனர். பெரியவர்கள் குழுவில் 46 விழுக்காடு. வயதும் ஒன்று, நோயும் ஒன்று. குழந்தைகள் முறையில் அஸ்பராஜினேஸ், வின்கிறிஸ்டின், ஸ்டீராய்டு ஆகிய மருந்துகளின் மொத்த அளவு கூடுதல். நோய் மூளைக்குப் பரவாமல் தடுக்கும் சிகிச்சையும் முன்னதாகவே தொடங்கிவிடும். ஆய்வுகளில் இளையோர் சேர்ந்திருந்ததால்தான் இந்த உண்மை தெரிய வந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2019 மார்ச்சில், பொருத்தமான பெரியவர் புற்றுநோய் ஆய்வுகளில் 12–17 வயதினரையும் சேர்க்கலாம் என்று வழிகாட்டியது.

இனி நம் மருத்துவமனைகளில் தவறும் இடங்கள். காய்ச்சலும் கழுத்தில் நெறிக்கட்டியுமாக வரும் இளைஞருக்கு டெக்ஸா எனும் ஸ்டீராய்டு ஊசி போட்டுவிடுகிறார்கள். இரண்டு நாளில் கட்டி வற்றும், குடும்பத்தாருக்கும் நிம்மதி. ஆனால் அது லிம்போமாவோ ரத்தப் புற்றுநோயோ ஆக இருந்தால், அந்த ஸ்டீராய்டே பயாப்சி எனும் திசுப் பரிசோதனையையும் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையையும் குழப்பிவிடும். வெள்ளையணு எண்ணிக்கை தொடக்கத்தில் 50,000-ஐத் தொட்டதா என்பதையும் வைத்துத்தான் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் ஆபத்துப் பிரிவு முடிவாகிறது. டெக்ஸாவுக்குப் பின் எடுத்த எண்ணிக்கையை நம்ப முடியாது. முன்பே ஸ்டீராய்டு பெற்றவர்களைப் பல ஆய்வுகள் சேர்ப்பதே இல்லை. மார்புக்குள் கட்டி அழுத்தி மூச்சுத் திணறுபவருக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது மருந்தின் பெயர், அளவு, கொடுத்த நேரம் மூன்றையும் சீட்டில் எழுதினால் போதும். நெறிக்கட்டிக்குத் திசுப் பரிசோதனை இல்லாமலேயே மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுப்பதும், முழங்கால் வீக்கத்துக்கு எக்ஸ்ரே எடுக்காமல் எண்ணெய்க் கட்டு போட விடுவதும் இதே வகை இழப்புதான்.

அடுத்தது பாரஃபின் பிளாக். பயாப்சித் திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டை இது. ஆய்வில் சேர்க்குமுன் அதிலிருந்து புதிதாகச் சீவி மறுபரிசோதனை செய்வார்கள். குடும்பத்தாரின் கையிலோ தட்டச்சு அறிக்கை மட்டும்தான் இருக்கும். பிளாக்கை வாங்கிவரத் திருப்பி அனுப்பினால், விருத்தாசலத்துக்கும் சிதம்பரத்துக்கும் அலைவதிலேயே நாள் போய்விடும். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பதிவுக்கு முந்தைய 14 அல்லது 28 நாட்களுக்குள் எடுத்தவையாக இருக்க வேண்டும் என்று பல ஆய்வுகளில் விதி உண்டு. காத்திருக்க முடியாமல் வேறிடத்தில் ஒரு கீமோ சுற்று தொடங்கிவிட்டால் அநேகமாக அந்த வாய்ப்பு அத்துடன் முடிந்தது.

ஆகவே ஒரு பக்கப் பரிந்துரைச் சீட்டு ஒன்றைக் கடலூர் தலைமை மருத்துவமனை முதல் வட்ட மருத்துவமனைகள் வரை கட்டாயமாக்குமாறு இணை இயக்குநர், நலப்பணிகள் அவர்களுக்கு உத்தரவிட வேண்டுகிறோம். வயது, எடை, ஸ்டீராய்டு கொடுத்த விவரம், ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த அணு எண்ணிக்கை, பிளாக் எண், அது இருக்கும் ஆய்வகத்தின் தொலைபேசி ஆகியவை அதில் இருந்தால் போதும். பிளாக்கும் ஸ்லைடும் நோயாளியுடனேயே போக வேண்டும். 18 வயதுக்குட்பட்டவரை எந்த வார்டில் படுத்திருந்தாலும் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவின் பார்வைக்கும் அனுப்ப வேண்டும். கீமோவால் பிள்ளைப்பேறு பாதிக்கப்படக்கூடும் என்பதால், விந்து சேமிப்பு பற்றி இளைஞர்களிடம் முதல் ஊசிக்கு முன்பே பேச வேண்டும். கூச்சத்தால் இதை யாரும் எடுப்பதில்லை.

ஒப்புதல் வாங்குவதிலும் தடை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, 12 முதல் 18 வயது வரையுள்ளவரிடம் பெற்றோர் கையொப்பத்தோடு அவருடைய எழுத்துப்பூர்வ இசைவும் வாங்க வேண்டும். ஆய்வின் நடுவே 18 நிறைந்தால் அவரிடமே மீண்டும் ஒப்புதல் பெற வேண்டும். நம் வீடுகளில் "பிள்ளைகிட்ட சொல்லிடாதீங்க" என்று நோயின் பெயரையே மறைத்துவிடுகிறார்கள். நோயே தெரியாத பிள்ளை எதற்கு இசைவு தரும்? பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். பெற்றோர் இல்லாத பிள்ளைக்குத் தாத்தாவோ மாமாவோ சட்டப்படி பாதுகாவலராக இல்லாமல் கையெழுத்திட முடியாது. தலைமை மருத்துவமனையில் புற்றுநோய்க்கென ஓர் ஆலோசகரை அமர்த்தவும், பாதுகாவலர் தொடர்பான மனுக்களை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு உடனுக்குடன் கவனிக்கவும் ஆணையிட வேண்டுகிறோம்.

ஆய்வில் சேர்ந்தால் நோய் தீர்ந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. சேர்வதும் மறுப்பதும் பாதியில் விலகுவதும் நோயாளியின் உரிமை. மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை தொடரும். ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டென 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகள் கூறுகின்றன. இதையெல்லாம் எளிய தமிழில் அச்சிட்டு வார்டுகளில் ஒட்ட வேண்டும்.

ஆய்வில் வருகை நாட்கள் முன்பே குறிக்கப்பட்டவை. தவறினால் மருந்து தடைப்படும். அந்த நாட்களுக்கான பேருந்துச் செலவைத் தங்கள் தன்விருப்ப நிதியிலிருந்தோ மாவட்ட செஞ்சிலுவைச் சங்கம் வழியாகவோ நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் வழங்கலாம். பிளஸ் டூ மாணவர்களின் வருகைக் குறைவைத் தளர்த்த முதன்மைக் கல்வி அலுவலரும், சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளர்களின் விடுப்புக்குத் தொழிலாளர் துறையும் உதவ வேண்டும். புதிதாக மணமான பெண்ணின் பெயர் தாய்வீட்டு ரேஷன் அட்டையில் நீக்கப்பட்டு, கணவர் வீட்டு அட்டையில் ஏறாமல் நிற்கும். காப்பீட்டு அட்டையும் அதனாலேயே நின்றுவிடும். இவர்களின் விண்ணப்பத்துக்கு வட்ட வழங்கல் அலுவலகங்களில் முன்னுரிமை தேவை.

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளை சிடிஆர்ஐ இணையப் பதிவேட்டில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நடக்கும் இடம், வயது வரம்பு, தொடர்பு எண் அனைத்தும் அதில் உண்டு. இணை இயக்குநர் அலுவலகத்தில் ஒருவரைப் பொறுப்பாக்கி, புதுச்சேரி, சென்னை, வேலூரில் ஆள் சேர்க்கும் ஆய்வுகளின் பட்டியலை மாதந்தோறும் நம் மருத்துவமனைகளுக்கு அனுப்பச் செய்ய வேண்டும்.

இவற்றுள் பரிந்துரைச் சீட்டுக்கான சுற்றறிக்கையை முதலில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்குத் தனி நிதி தேவையில்லை.

இப்படிக்கு,
கையொப்பமிட்டோர்

இடம்: கடலூர்
இணைப்பு: பரிந்துரைச் சீட்டு மாதிரி (1 பக்கம்), கையொப்பப் பட்டியல்
நகல்: இணை இயக்குநர், நலப்பணிகள், கடலூர்