மீசையும் ஒரு படிவமும்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதாதது சோம்பலால் இல்லை, கண்ணைத் திறந்து படிக்கவே முடியவில்லை. மீசைக்கு அடித்த சாயம் முகத்தையே வீங்க வைத்துவிட்டது. சிரிக்காதே. நரைத்தால் நரைக்கட்டும் என்று நீ எப்போதோ சொன்னாய், நான்தான் கேட்கவில்லை.

இத்தனைக்கும் அதே சாயத்தைப் பல வருஷமாகப் போட்டு வந்தவன் நான். இந்த முறையும் போட்ட அன்று ஒன்றுமில்லை. மறுநாள் இரவு மேலுதடு அரித்தது. மூன்றாம் நாள் காலையில் உதடு தடித்து நீர் கசிய, இமைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டன. சாப்பிட்டதையெல்லாம் சந்தேகப்பட்டேன், தலையணை உறையை மாற்றினேன். சாயத்தின் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. இப்படிப்பட்ட சாயங்கள் பலவற்றில் பாராஃபீனைலின்டையமீன் என்று ஒன்று இருக்கிறதாம். பல வருஷம் ஒத்துக்கொண்ட உடம்பே ஒருநாள் அதை எதிர்க்கத் தொடங்கலாம், அந்த எதிர்ப்பும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தோலில் தெரியும் என்றார் தோல் மருத்துவர். அப்புறம் கேட்டார்: "பெட்டியை வைத்திருக்கிறீர்களா?"

கோபத்தில் குப்பையில் எறிந்துவிட்டிருந்தேன்.

உன் கடிதத்தில், பாக்கெட்டில் வரும் ஈரத் துடைப்பான் தாளால் துடைத்துக் கை விரல்களுக்கிடையே வெடித்ததையும், நிறுத்தியதும் ஆறிவிட்டதையும் எழுதி, "விட்டது தொல்லை" என்று முடித்திருந்தாயே, அதைப் பற்றித்தான் உன்னோடு சண்டை. உனக்கு விட்டது, சரி. அடுத்தவனுக்கு?

மருத்துவர் சொல்லித்தான் தயாரிப்பாளருக்கும் அரசுக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் எழுதினேன். புகார் என்றால் நஷ்ட ஈடு கேட்டு மல்லுக்கட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை, ஒரு படிவத்தை நிரப்புவதுதான். என்ன பொருள், எந்தத் தேதியில் போட்டாய், எத்தனை மணி நேரம் கழித்துத் தொடங்கியது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய், நிறுத்தியதும் குறைந்ததா, மறுபடி போட்டபோது திரும்ப வந்ததா, இவ்வளவுதான். கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றால் சந்தேகம் மிகவும் வலுக்குமாம். அதற்காகச் சோதித்துப் பார்த்துவிடாதே என்று மருத்துவர் அதட்டினார், அடுத்த முறை இன்னும் மோசமாக வரலாம். தொகுதி எண், அதாவது ஒரே தடவையில் தயாரித்தவற்றுக்கெல்லாம் பெட்டியில் போடும் பொது எண், கேட்ட கட்டத்தை வெறுமையாகத்தான் விட்டேன். குறை அந்த ஒரு தொகுதியில் மட்டுமா, சேர்மானத்திலேயேவா என்று பிரித்தறிய அந்த எண்தான் உதவும். என் பெட்டியோ குப்பையோடு போய்விட்டது.

"அதுதான் காரணம் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று நீ கேட்பாய். தெரிய வேண்டியதில்லையடா, சந்தேகமே போதும். தாலிடோமைடு நினைவிருக்கிறதா? கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் தூக்கத்துக்கும் கொடுத்த மாத்திரை. அதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகள் பலர் கை கால் சரியாக வளராமல் பிறந்தார்கள். 1961 டிசம்பரில் வில்லியம் மெக்பிரைடு என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் லான்செட் என்ற மருத்துவ இதழுக்குச் சில வரிகளில் ஒரு கடிதம் எழுதினார். அந்த மாத்திரை சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளிடம் இப்படிப்பட்ட குறைபாடுகளை வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா என்பதுதான் அதன் கடைசி வரி. நிரூபணம் எதுவும் இல்லை, வெறும் கேள்வி. ஜெர்மனியில் லென்ஸ் என்ற மருத்துவர் அதற்குச் சில வாரம் முன்பே இதையே சொல்லி, மருந்து அங்கே கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டிருந்தது. இரண்டு கண்டங்களில் இரண்டு பேருக்கு ஒரே சந்தேகம். அந்தப் பேரிடருக்குப் பிறகுதான் 1964ல் பிரிட்டனில் மருத்துவர்கள் சந்தேகங்களை எழுதி அனுப்ப 'மஞ்சள் அட்டை' வந்தது. இப்போது நோயாளிகளே அதை எழுதலாம்.

அது மருந்து, நாம் பேசுவது துடைப்பான் என்பாய். உன் துடைப்பானுக்கும் ஒரு கதை இருக்கிறது. பொருள் கெடாமல் காக்கும் மெதில்ஐசோதயசோலினோன் என்ற பதப்பொருளை, வேறொன்றோடு கலக்காமல் தனியாகவே அழகுப் பொருள்களில் சேர்க்க ஐரோப்பாவில் 2005ல் அனுமதித்தார்கள். சில வருஷங்களில் தோல் மருத்துவமனைகளில் ஒரே மாதிரி அரிப்போடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள், பலருக்குக் காரணம் ஈரத் துடைப்பான். அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்று 2013ல் அதற்கு 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று பட்டமே கொடுத்தது! கழுவாமல் தோலிலேயே விடும் அழகுப் பொருள்களில் 2017ல் ஐரோப்பா அதைத் தடை செய்தது. வந்தவர்கள் எல்லோரும் உன்னைப் போல "விட்டது தொல்லை" என்று வீட்டிலேயே இருந்திருந்தால் யார் எண்ணியிருப்பார்கள்?

நான் எழுதியதற்கு இதுவரை வந்தது "பெற்றுக்கொண்டோம்" என்ற ஒற்றை வரிதான். பரவாயில்லை, எங்கோ ஒரு கணக்கில் ஒன்று கூடியிருக்கும்.

அந்தத் துடைப்பான் பாக்கெட்டை நீ இன்னும் எறிந்திருக்க மாட்டாய், எதையும் எறிகிற ஆளா நீ! பின்பக்கத்தைப் படம் எடுத்து வை. கை எப்போது வெடித்தது என்று தேதி போட்டு எழுது, மறப்பதற்குள். படிவத்தில் சந்தேகம் இருந்தால் கேள், இப்போது நான் அதில் பழம் தின்று கொட்டை போட்டவன்.

மீசையை எடுத்துவிட்டேன். அடுத்த முறை பார்க்கும்போது அடையாளம் தெரியாமல் போய்விடாதே.

உன்
பழைய நண்பன்