ஆறாம் இருக்கைக்காரியின் அம்மா எழுதும் நன்றி மடல்

எங்கள் பள்ளித் துடுப்புப் படகு அணியின் பிள்ளைகளுக்கும், கோச் சாருக்கும், இந்த ஒரு வருடமாக என் மகளோடு சேர்த்து என்னையும் தாங்கிப் பிடித்த பெற்றோருக்கும் வணக்கம்.

போட்டிகள் முடிந்த அன்றே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. நாலு வரி எழுதியும் வைத்திருந்தேன். பிறகு ஒரு விஷயம் தெரிய வந்தது. அதைத் தெரிந்துகொண்டபின் அந்த நாலு வரியை அனுப்ப மனம் வரவில்லை.

"படகு அணியில சேரப் போறேன்" என்று மகள் வந்து நின்றபோது அவளுக்கு 14 வயது. அதுவரை எந்த விளையாட்டிலும் அவள் நிலைத்ததில்லை. பந்து வந்தால் விலகிக்கொள்வாள். எனக்கோ தண்ணீர் என்றாலே பயம். நீச்சல் தேர்வில் தேறினால்தான் படகில் ஏற்றுவார்கள் என்று கேள்விப்பட்டதும், இவள் எங்கே தேறப்போகிறாள் என்று உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தேன். இதை இன்றுதான் வெளியே சொல்கிறேன். நீச்சல் ஆசிரியை அவளை விடவில்லை. உடுப்போடு நீந்தவும், தரையில் கால் படாமல் நின்ற இடத்திலேயே மிதக்கவும் பழக்கி, இரண்டாவது முயற்சியில் தேற வைத்தார். டீச்சர், நான் ஆசைப்பட்டதற்கு நேர் எதிராகச் செய்தீர்கள். அதற்காகவே உங்களுக்கு முதல் நன்றி.

கோச் சார், முதல் நாள் படகுத்துறையில் நான் போட்ட சத்தம் உங்களுக்கு நினைவிருக்கும். படகுக்குள்ளேயே ஷூக்களைத் திருகி வைத்திருப்பதையும், பிள்ளைகள் அதில் காலை நுழைத்துப் பட்டையை இறுக்குவதையும் பார்த்துவிட்டு, "காலைக் கட்டியா தண்ணியில விடுறீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். நீங்கள் முகம் சுளிக்கவில்லை. கொட்டகையில் தாங்கியின் மேல் கிடந்த ஒரு படகுக்கு என்னை அழைத்துப்போய், ஷூவின் குதிகாலுக்கு அடியில் என் கையை வைத்துக் காட்டினீர்கள். அங்கே ஒரு குட்டைக் கயிறு. கவிழ்ந்தால் குதிகால் கொஞ்சம்தான் எழும்பும், அதற்குமேல் ஷூ வராது, கால் மட்டும் உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும் என்று சொல்லி, என்னையே இழுத்துப் பார்க்கச் சொன்னீர்கள். படகின் மூக்கில் இருக்கும் வெள்ளை ரப்பர் உருண்டை அழகுக்கு இல்லை, யார்மேலாவது மோதினால் குத்திவிடாமல் இருக்கத்தான் என்றீர்கள். உங்கள் மோட்டார் படகில் இருந்த உயிர்காப்பு உடுப்புகளை என் கண்முன்னே ஒன்பது வரை எண்ணினீர்கள். படகு கவிழ்ந்தாலும் மிதக்கும், அதை விட்டுவிட்டு யாரும் கரைக்கு நீந்தக் கூடாது என்பதுதான் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லும் முதல் விதி என்றும் சொன்னீர்கள். பிள்ளைகள் காத்திருக்க, எனக்காக இருபது நிமிடம். அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்திராவிட்டால், விடியுமுன் அவளை அனுப்பிவிட்டு நான் வீட்டில் இருந்திருக்கவே முடியாது.

குளிர்மாதங்கள் முழுக்க எர்க் இயந்திரம்தான்; தரையிலேயே துடுப்பு வலித்துப் பழகுவதற்கானது. தண்ணீரே இல்லாமல், 500 மீட்டருக்கு எத்தனை நொடி என்று திரையில் மாறிக்கொண்டே இருக்கும் எண்ணைப் பார்த்தபடி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் 2,000 மீட்டர் சோதனை முடிந்த அன்று காரில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். கையுறை வாங்கித் தருகிறேன் என்றேன். துடுப்பின் பிடி கைக்குத் தெரிய வேண்டும், கையுறை கூடாது என்றாள். மறுநாள் மூத்த மாணவி ஒருத்தி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த விரலடியில் டேப் சுற்ற வேண்டும், எந்தக் கொப்புளத்தை உடைக்காமல் விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். தன் டேப்பில் பாதியையும் கொடுத்திருக்கிறாள். நீ பள்ளி முடித்துப் போய்விட்டாயம்மா. நீ கற்றுக்கொடுத்த மாதிரியே இப்போது இவள் புதுப் பிள்ளைகளுக்குச் சுற்றிவிடுகிறாள்.

காலை ஐந்து மணிக்கு முறைவைத்துக் கார் ஓட்டிய பெற்றோர் அனைவருக்கும் நன்றி. குறிப்பாக, டிரெய்லர் வேலையை எனக்குப் பழக்கிய அந்த அப்பாவுக்கு. எட்டுப் பேர் படகு 17 மீட்டருக்குமேல் நீளம், அகலமோ இரண்டடி. துடுப்பைத் தாங்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரிக்கர் சட்டங்களைக் கழற்றினால்தான் அதை ஏற்றவே முடியும். முதல் தடவை ஒரு நட்டைக் கை தவறிப் புல்லில் விட்டுவிட்டேன். அவர் மண்டியிட்டுத் தேடி எடுத்துத் தந்து, "கழட்டின உடனே அதே போல்ட்லயே திருப்பி மாட்டிடுங்க, தொலையாது" என்றார். அன்றுமுதல் நான் ஒன்றையும் தொலைக்கவில்லை.

இனி அந்த விஷயம்.

முதல் பெரிய பந்தயம். 2,000 மீட்டர். பாதி தாண்டி நம் பிள்ளைகள் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார்கள். திடீரென்று படகு ஒருபக்கம் சாய்ந்து, குலுங்கி, ஏறக்குறைய நின்றேவிட்டது. மற்ற படகுகள் போய்விட்டன. நாம் கடைசி. கரையிலிருந்து பார்த்த எங்களுக்கு யாருடைய துடுப்பு என்று தெரியவில்லை. துடுப்பின் தகடு தவறான சாய்வில் தண்ணீருக்குள் சிக்கிக்கொண்டால், படகு போகிற வேகத்தில் பிடி திரும்பி வந்து நெஞ்சில் அடிக்கும். ஆளையே தூக்கித் தண்ணீரில் போட்டதும் உண்டு. படகுக்காரர்கள் இதை 'நண்டு பிடிப்பது' என்பார்கள்.

பிள்ளைகள் கரையேறி வந்தபோது கூடாரத்தில் நின்று நான் சொன்ன வார்த்தைகள் இவை: "யாரோ ஒருத்தி கவனமா இல்லாததுக்கு இத்தனை பேர் உழைப்பும் வீணாப் போச்சே." அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். யாரும் பதில் சொல்லவில்லை. என் மகள் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெயில் தாங்கவில்லை போலும் என்று நினைத்தேன்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு ராத்திரி, படுக்கப் போகுமுன் என் அறை வாசலில் நின்று சொன்னாள்: "அம்மா, அன்னிக்கு நண்டு பிடிச்சது நான்தான்." விலாவில் பட்ட அடி பச்சையாகக் கன்றிப்போய் இருந்திருக்கிறது. என்னிடம் காட்டாமல் மறைத்து, கோச்சிடமும் பள்ளி நர்சிடமும் மட்டும் காட்டியிருக்கிறாள்.

அவள் சொல்லித்தான் மற்றதும் தெரிந்தது. துறைக்கு வந்ததும் கோச் சார் "என்ன நடந்துச்சு?" என்று கேட்க, படகைத் திருப்பிக் குரல் கொடுத்து நடத்தும் காக்ஸ் மகளே, நீதான் முந்திக்கொண்டு, "படகு நின்னுச்சு சார், திரும்பக் கிளப்பிட்டோம்" என்றாயாம். எட்டாம் இருக்கையில் தாளம் பிடிக்கிற பிள்ளை, "நான்தான் நிமிஷத்துக்கு முப்பத்திநாலு வலிப்பு வரைக்கும் வேகத்தை ஏத்திட்டேன், பின்னால இருக்கிறவங்களால கை சுத்த முடியல" என்று பழியைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாளாம். பிறகு கூடாரத்தில் நான் பேசியதை நீங்கள் எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறீர்கள். "அது உங்க பொண்ணுதான் ஆன்ட்டி" என்று ஒருத்தி சொல்லியிருந்தால் போதும், நான் வாய் மூடியிருப்பேன். அவள் என்னிடம் தானாகச் சொல்லும்வரை காத்திருந்தீர்கள். உங்கள் வீட்டில்கூட யாரும் சொல்லவில்லை என்று உங்கள் அம்மாக்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பிள்ளைகளே, அன்று பேசியதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். என் மகளை நீங்கள் என்னைவிடப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டீர்கள். இந்த நன்றியை எந்த அளவில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கோச் சார், அடுத்த வாரமே வேறொருத்தியை அந்த இடத்தில் வைத்திருக்கலாம். நீங்கள் அவளை ஆறாம் இருக்கையிலிருந்து மாற்றவே இல்லை. தினமும் பயிற்சி முடிந்தபின் பத்து நிமிடம் தகட்டைத் தண்ணீரிலிருந்து எடுப்பதை மட்டும் செய்ய வைத்தீர்களாம். கடைசிப் பந்தயத்தில் படகு மூன்றாவதாக வந்தது. அன்று நான் படகைப் பார்க்கவில்லை; ஆறாம் துடுப்பை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரும் சனிக்கிழமை படகுகளைக் கழுவிக் கொட்டகையில் ஏற்றுகிறார்கள் என்று சொன்னார்கள். சீக்கிரமே வந்துவிடுகிறேன். பத்தாம் நம்பர் ஸ்பேனர் என்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
ஆறாம் இருக்கைக்காரியின் அம்மா