மணமும் மருந்தும் இனம் காட்டியவர்களுக்கு

தாவரவியல் பூங்காவின் மணச்செடிப் பாத்திகளையும் மூலிகைப் பாத்திகளையும் பேணும் தோட்டக்காரர்களுக்கும், வழிகாட்டிகளுக்கும், உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் உலர்தாவரகத்தின் பணியாளர்களுக்கும், பார்க்க வந்த எங்கள் வணக்கம்.

முதல் நன்றி, செடிகளை முகர்ந்து பார்க்க நீங்கள் வகுத்த வரிசைக்கு. பனி உலர்ந்து வெயில் ஏறுமுன் வரச் சொன்னீர்கள். வெயில் சுடச் சுட இலைமேல் இருக்கும் எண்ணெய் ஆவியாகிவிடும். ரோஜாவிலும் லாவெண்டரிலும் தொடங்கி, துளசி, புதினா வழியாக, கற்பூரவள்ளியையும் யூகலிப்டஸையும் கடைசிக்கு வைத்தீர்கள். யூகலிப்டஸை முதலில் முகர்ந்துவிட்டால் அப்புறம் ரோஜா வெறும் இதழாகத்தான் தெரியும். ஐந்தாறு செடிக்கு ஒருமுறை நிறுத்தி, அவரவர் சட்டைக் கையை முகரச் சொன்னதும் பயனுள்ள உத்தி. பழகிப்போன மூக்கு அந்த இடைவெளியில் தெளிகிறது.

எப்படித் தொடுவது என்று காட்டியவருக்குத் தனி நன்றி. துளசி, புதினா இலைகளில் எண்ணெய் மேல்தோலின் நுண்சுரப்பிகளில் இருக்கிறது. விரலால் வருடினாலே போதும். எலுமிச்சை, வில்வம், கறிவேப்பிலை அப்படியல்ல. எண்ணெய்ப் பைகள் இலைச்சதைக்குள் புதைந்திருப்பதால் கசக்கினால்தான் மணக்கும். எலுமிச்சை இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அந்தப் பைகள் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரிகின்றன. கசக்குவதற்கு உதிர்ந்த இலைகளை ஒரு தட்டில் சேர்த்து வைத்திருந்தீர்கள். வருகிறவர் எல்லாரும் ஆளுக்கொரு இலை கிள்ளினால் தொட்டிச் செடி மொட்டையாகிவிடும் அல்லவா. வெட்டிவேரின் புல்லை முகர்ந்து ஏமாறுபவர்களுக்காக, மண் கழுவிய வேர்க்கொத்து ஒன்றையும் பக்கத்தில் வைத்தது நல்ல யோசனை. அருவதா என்னும் மூலிகைச் செடிக்கு முன்னால் மட்டும் ‘தொடாதீர்’ என்று எழுதியிருந்தது. அதன் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் வரும். மறுநாள் வருவதால் காரணம் பலருக்குப் புரிவதில்லை.

பெயர்ப்பலகை எழுதியவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ‘பிராமி’ என்ற ஒரே பெயர் வழக்கில் இரண்டு செடிகளுக்கு ஓடுகிறது. நீண்ட காம்பில் சிறுநீரக வடிவ இலை தாங்கித் தரையில் படரும் வல்லாரை ஒன்று; எதிரெதிராகச் சிறு தடித்த இலைகள் கொண்ட நீர்ப்பிரமி மற்றொன்று. குடும்பமே வேறு. சென்டெல்லா ஏசியாட்டிகா, பக்கோப்பா மொன்னியேரி என்று அறிவியல் பெயரைப் பெரிதாக எழுதி, இரண்டையும் அடுத்தடுத்த பாத்திகளில் நட்டிருக்கிறீர்கள். ஒருமுறை பார்த்தவர் இனி மாற்றிப் பறிக்கமாட்டார். இத்தாலியின் பதுவாவில் 1545-இல் தாவரவியல் தோட்டம் அமைத்ததும் மாணவர்கள் மூலிகைகளைச் சரியாக இனம் காணத்தான். அதே வேலையை நீங்கள் தினமும் செய்கிறீர்கள்.

செங்காந்தளுக்கும் நித்தியகல்யாணிக்கும் சிவப்புப் பலகை வைத்ததை மனதாரப் பாராட்டுகிறோம். செங்காந்தள் கிழங்கிலுள்ள கோல்கிசின் கீல்வாத மருந்து; அதே கிழங்கை உண்ணும் கிழங்கென்று தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுக்கும் வின்கிரிஸ்டின் ரத்தப் புற்றுநோய்க்கு உதவுகிறது. அதற்காக அந்த இலையை வீட்டில் மெல்லக் கூடாது. ‘மருந்துச் செடி’ என்ற சொல்லோடு இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே சொன்னீர்கள்.

உலர்தாவரகத்தில் செய்தித்தாளுக்கிடையே செடியை அழுத்தும் முறையை விளக்கியவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். முதல் சில நாள்கள் தினமும் தாளை மாற்றாவிட்டால் ஈரம் தங்கி இலை கறுக்கும், பூஞ்சை பிடிக்கும். அவர் அழுத்திச் சொன்ன இன்னொன்று: மணமும் பூவின் நிறமும் தாளில் தங்குவதில்லை. அதனால் பறித்த இடத்திலேயே, பறித்த நேரத்தோடு, குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும்.

பவளமல்லி இருட்டிய பின் மலர்ந்து விடியலில் உதிர்ந்துவிடும். அதைக் காண்பதற்காக மாலையில் வாயிலைத் தாமதமாக அடைத்த காவலருக்கும் நன்றி.

நீங்கள் கேட்டபடி, பார்வையில் பட்ட குறைகள் இரண்டு. களை எடுத்தபோது நிலவேம்பின் பலகை ஒரு சாண் நகர்ந்து பக்கத்துச் செடிக்கு முன்னால் நிற்கிறது. இலவங்கப்பட்டை மரத்தில் பலகையைக் கட்டிய கம்பி பட்டையில் அழுந்தத் தொடங்கியிருக்கிறது. தண்டு பருக்கப் பருக்க அது வெட்டும். நீளும் சுருள்கம்பிக்கு மாற்றிவிடுங்கள்.