எட்டுப் போட்டால் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருசக்கர வாகன உரிமத்துக்குத் தயாராகும் இளைஞர்களின் பயிற்சி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பற்றித் தங்கள் வாசகர் பகுதியில் எழுத விரும்புகிறேன். எல்.எல்.ஆர். என்று நாம் எல்லாரும் சொல்லும் பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அதைப் பெற்றுக் குறைந்தது 30 நாள் ஆன பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ளது. அந்த 30 நாள் வண்டி பழகுவதற்காக வைக்கப்பட்டது. ஆனால் பெரும்பாலானோர் அதைத் தேதி வரும்வரை காத்திருக்கும் காலமாகவே கழிக்கிறார்கள். தேர்வு நெருங்கும்போது அண்ணனையோ நண்பனையோ அழைத்துக்கொண்டு திடலுக்குப் போய் எட்டுப் போட்டுப் பார்ப்பதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது.

எங்கள் பகுதித் திடலில் மாலை வேளைகளில் இந்தக் காட்சியைப் பார்க்கிறேன். சுண்ணாம்புத் தூளால் எட்டு வரைந்து, வளைவுகளில் செங்கல் வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவரின் ஹெல்மெட் ஓரத்தில் நிற்கும் நண்பரின் கையில் இருக்கும். வண்டியின் சைடு மிரர் இரண்டும் உள்பக்கமாகத் திரும்பியிருக்கும், சில வண்டிகளில் கழற்றியே வைத்திருப்பார்கள். “காலை ஊனாதே” என்பதைத் தவிர வேறு பாடம் எதுவும் காதில் விழாது. முதல் கியரில், பாதி கிளட்ச் பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, முன் சக்கரத்தைக் குனிந்து பார்க்காமல் அடுத்த வளைவைப் பார்த்து ஓட்டினால் எட்டு வந்துவிடும். எட்டுப் போடத் தெரிவது வீண் என்று நான் சொல்லவரவில்லை. குறுகிய தெருவில் வண்டியைத் திருப்பவும், நெரிசலில் காலைத் தேய்க்காமல் ஊர்ந்து போகவும் அது நன்றாகவே உதவும். ஆனால் பேருந்துக்குப் பின்னால் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு வேண்டிய பயிற்சி அது அன்று.

மேற்சொன்ன விதிகளின் 15ஆம் விதியைப் படித்தால் வியப்பாக இருக்கும். கண்ணாடியைச் சரிசெய்துகொள்வது, வண்டியைப் பாதுகாப்பாகக் கிளப்புவது, சந்திப்புகளில் சரியான தடத்தில் வருவது, முந்துவதும் முந்த இடம் கொடுப்பதும், கை சைகை காட்டுவது, அவசரத்தில் வண்டியை நிறுத்துவது என்று தேர்வில் பார்க்கவேண்டியவை வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. நடைமுறையில் எட்டு ஒன்றே பலருடைய நினைவில் நிற்கிறது. பழகுகிறவர்களும் அதற்கு மட்டுமே பழகுகிறார்கள்.

இவற்றுள் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பிரேக் பிடிக்கும் பழக்கம். “முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி எறிந்துவிடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பது தலைமுறை தலைமுறையாக வருகிறது. மணலிலோ வளைவிலோ முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சக்கரம் வழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஓடும் வண்டி வேகம் குறையும்போது பாரம் முன் சக்கரத்தின் மேல் சாய்வதால், நேரான தார்ச்சாலையில் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன் பிரேக்தான். அதைத் தொடவே பயந்தவர், ஆபத்து நேரும்போது பின் பிரேக்கை மட்டும் அழுத்தி மிதிப்பார். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும், வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் கடந்துபோகிறோம். எந்தப் பிரேக் என்று யோசிப்பதற்குள் அந்தத் தூரம் போய்விடும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். ஆனால் பழகுவதற்குக் கையில் கிடைப்பது பெரும்பாலும் வீட்டில் நிற்கும் பழைய வண்டி, அதில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். எட்டு சுலபமாக வரும் என்பதற்காக ஸ்கூட்டரில் தேர்வு கொடுப்பவர்களுக்குக் கியர் இல்லாத வாகனத்துக்கான உரிமமே கிடைக்கும். பிறகு கியர் வண்டியை எடுத்தால், அந்த வண்டிக்கு அவர் உரிமம் இல்லாதவர்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி அதற்கு அபராதம் 5,000 ரூபாய். கல்லூரியில் சேர்ந்ததும் பிள்ளைக்கு பைக் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் பலர் உரிம அட்டையில் எந்த வகை என்று திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆகவே போக்குவரத்துத் துறைக்குத் தங்கள் இதழ் வழியாக ஒரு கோரிக்கை வைக்கிறேன். தேர்வுத் திடலில் எட்டுக்குப் பக்கத்திலேயே நேராக ஒரு தடம் போட்டு, அதன் கோடியில் நிறுத்தற்கோடு ஒன்று வரையலாம். பழகுநர் மூன்றாம் கியர் வரை வந்து, கண்ணாடியைப் பார்த்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துக் கோட்டுக்குள் நிறுத்திக்காட்ட வேண்டும் என்று வைத்தால், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் மறுநாளே அதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடும். தேர்வில் கேட்பதைத்தான் அவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். இதற்கு இடம் போதாத அலுவலகங்கள் இருக்கலாம். அங்கே வாரத்தில் ஒரு நாளாவது அருகிலுள்ள பள்ளி மைதானத்தைக் கேட்டுப் பெறலாம். அதுவரை, பழகப் போகும் பிள்ளைகளின் ஹெல்மெட் நண்பரின் கையில் இல்லாமல் தலையில் இருக்கிறதா என்பதைக் கூடப்போகும் பெரியவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கும்பகோணம்.