திருத்தம் வந்துவிட்டது, போனுக்கு எப்போது வரும்? ஆண்ட்ராய்டு போன் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆண்ட்ராய்டு போன்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். சாதாரணச் செயலி ஒன்று போன் முழுவதையும் தன் பிடிக்குள் கொண்டுவர வழிவிடும் ஓட்டைகள் உண்டு. பிரிவிலேஜ் எஸ்கலேஷன் என்று உங்கள் பொறியாளர்கள் சொல்வது இவற்றைத்தான். திருத்தம் எழுதி முடித்த பிறகும் இவை உங்கள் போன்களில் மாதக்கணக்கில், சில மாடல்களில் கடைசிவரைக்கும், அடைபடாமல் கிடக்கின்றன. இதை இனிமேலும் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஆண்ட்ராய்டுக்குச் செயலி எழுதுவது என் தொழில். இந்த இயங்குதளம் எனக்குக் கொடுத்திருக்கும் வாக்கு எளிமையானது: ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண், தனி இடம். ஒரு செயலியின் கோப்பை இன்னொன்று தொட முடியாது. அதை மீறாமல் பார்த்துக்கொள்வது இயங்குதளத்தின் மையமான கெர்னல். அதற்கு மேல், எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கூடுதல் விதி போடும் எஸ்ஈலினக்ஸ் இருக்கிறது, ஆண்ட்ராய்டு 5.0 முதல் முழுக் கண்டிப்போடு இயங்குகிறது. பயனர் உள்நுழைந்ததும் கிடைக்கும் டோக்கனை (அவர் இன்னார் என்று காட்டும் அடையாளத் தகவலை) என் செயலியின் தனி இடத்தில் வைக்கும்போது இந்த வாக்கை நம்பித்தான் வைக்கிறேன். கெர்னலிலேயே ஓட்டை என்றால் இந்த ஏற்பாடு மொத்தமும் விழுந்துவிடும். சாவியை வன்பொருளுக்குள் பூட்டி வைத்தாலும் முழுத் தீர்வு இல்லை. சாவியை வெளியே எடுக்க முடியாதுதான், ஆனால் கெர்னலைப் பிடித்தவன் அதே போனில் இருந்தபடி என் செயலியின் பெயரில் அந்தச் சாவியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

உங்களில் பலர் இந்த வகை ஓட்டையை இரண்டாம் தரமாக நினைப்பது எனக்குத் தெரியும். "இது உள்ளிருந்து செய்வது, தாக்குகிறவன் ஏற்கெனவே போனுக்குள் இருந்தால்தானே நடக்கும்" என்ற வாதத்தைப் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். தீவிரப் பட்டியலிலும் இது பெரும்பாலும் உச்சப் படிக்கு ஒரு படி கீழேதான் உட்காரும், அதனால் அடுத்த அப்டேட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போகும். ஆனால் போன் என்பதே முன்பின் தெரியாதவர்கள் எழுதிய நிரலை நாள் முழுக்க ஓட்டுகிற கருவி. டார்ச் செயலியும் விளையாட்டும் உள்ளே இருக்கின்றன, பிரவுசரில் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் தன் நிரலை ஓட்டுகிறது. உள்ளே வருவது இங்கே பெரிய காரியமே இல்லை. வந்தவனை அவன் இடத்திலேயே நிறுத்தி வைப்பதுதான் பாதுகாப்பு, அதைத்தான் இந்த ஓட்டைகள் உடைக்கின்றன. நிஜத் தாக்குதல்கள் பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கும். முதல் ஓட்டை உள்ளே விடும், இரண்டாவது அதிகாரத்தைக் கொடுக்கும். இரண்டாவதை அடைத்துவிட்டால் முதலாவதால் கிடைப்பது சொற்பம்.

2019இல் வெளிவந்த பைண்டர் ஓட்டையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் தாமதத்தின் முழு வரலாறும் அதற்குள் இருக்கிறது. பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பொதுவாகக் கொடுக்கும் சிவிஇ வரிசையில் சிவிஇ-2019-2215 என்பது அதன் எண். ஆண்ட்ராய்டில் செயலிகளும் சேவைகளும் ஒன்றோடொன்று பேசுவது பைண்டர் என்ற கெர்னல் டிரைவர், அதாவது கெர்னலுக்குள் ஓடும் ஒரு துணை நிரல், வழியாக. எல்லாச் செயலிக்கும் அது வேண்டும், யாருக்கும் அதை மூடிவைக்க முடியாது. அதில் ஒரு திரெட் (செயலிக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைச் சரடு) தன்னைக் கண்காணிக்கும்படி, நிகழ்வுகளைக் கவனித்துச் சொல்லும் கெர்னல் வசதியான ஈபோலிடம் பதிவு செய்கிறது. ஈபோல் அந்தத் திரெட்டின் தகவல் தொகுதிக்குள் இருக்கும் காத்திருப்பு வரிசையின் முகவரியைக் குறித்து வைத்துக்கொள்கிறது. பிறகு திரெட் "நான் கிளம்புகிறேன்" என்கிறது, கெர்னல் அந்த நினைவகத்தை விடுவித்துவிடுகிறது. ஈபோலிடம் மட்டும் பழைய முகவரி அப்படியே இருக்கிறது. அது கணக்கை முடிக்கும்போது, இப்போது வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டிருக்கும் இடத்தில் போய் எழுதுகிறது. அந்த வேறு யாரோ தாக்குகிறவனாக இருந்தால் கெர்னல் நினைவகத்தையே படிக்கவும் மாற்றவும் வழி பிறந்துவிடும். குரோம் பிரவுசரின் அடைப்புக்குள் இருந்துகூட எட்டிவிடக்கூடிய ஓட்டை இது.

இதை 2017 நவம்பரிலேயே சிஸ்காலர் என்ற தானியங்கிச் சோதனைக் கருவி கண்டுபிடித்துவிட்டது. 2018 பிப்ரவரியில் லினக்ஸ் கெர்னலில் திருத்தம் சேர்ந்தது. திரெட் கிளம்பும்போது ஈபோலுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்கிற சில வரிகள், அவ்வளவுதான். ஆனால் அதற்கு அப்போது சிவிஇ எண் கொடுக்கவில்லை, மாதாந்திரப் பாதுகாப்பு அறிக்கையிலும் அது ஏறவில்லை. அறிக்கையைப் பார்த்து மட்டுமே பேட்ச் (திருத்தம்) எடுக்கும் பழக்கத்தால் கடையில் இருந்த பல போன்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை. 2019 செப்டம்பர் கடைசியில் கூகுளின் ஓட்டை தேடும் குழுவான புராஜெக்ட் ஜீரோவைச் சேர்ந்த மேடி ஸ்டோன் இதை அறிவித்தபோது, உண்மையான தாக்குதலில் அது பயன்பட்டுக்கொண்டிருப்பதாகத் தகவல் இருந்தது. பிக்சல் 2, கேலக்ஸி எஸ்7, எஸ்8, எஸ்9, ஹுவாவே பி20, ரெட்மி நோட் 5 என்று பட்டியல் நீண்டது. இயங்குதளத்தின் சொந்தக்காரரான கூகுளின் பிக்சலே அதில் இருந்ததைக் கவனியுங்கள். 2019 அக்டோபரில்தான் ஆண்ட்ராய்டின் பேட்ச் வந்தது. கெர்னலில் திருத்தம் சேர்ந்து ஏறத்தாழ 20 மாதம் கழித்து!

சரி, அது பழைய கதை என்பீர்கள். 2022 கோடையில் மாலி கிராஃபிக்ஸ் சிப்பின் டிரைவரில் ஐந்து ஓட்டைகளை அதே குழுவின் யான் ஹார்ன் கண்டுபிடித்தார். மாலியை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் ஜூலை, ஆகஸ்டிலேயே திருத்தி வெளியிட்டது. நவம்பரில் புராஜெக்ட் ஜீரோ சோதித்துப் பார்த்தபோது, மாலி உள்ள அவர்களுடைய சோதனைப் போன்கள் எல்லாவற்றிலும் ஓட்டை அப்படியே இருந்தது. மீடியாடெக் சிப்களின் சிவிஇ-2020-0069 இன்னும் வேதனை. 2019 மே மாதமே மீடியாடெக் திருத்தத்தைக் கொடுத்துவிட்டது. ரூட் (போனின் முழு அதிகாரம்) எடுக்கும் நிரல் அதற்கு முன்பே பொதுவெளியில் இருந்தது. ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அறிக்கையில் அது இடம்பெற்றது 2020 மார்ச்சில். விலை குறைந்த போன்களிலும் டேப்லெட்டுகளிலும் ஏராளமாக இருந்த சிப்கள் அவை. புதுப் போன் வாங்க வசதி இல்லாதவர்களைத்தான் ஒவ்வொரு முறையும் உங்கள் தாமதம் முதலில் அடிக்கிறது.

உங்கள் பக்கத்துச் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. சிப் நிறுவனம் கொடுக்க வேண்டும், நீங்கள் சேர்க்க வேண்டும், மொபைல் நெட்வொர்க் நிறுவனங்கள் சோதிக்க வேண்டும், அதுவும் டஜன் கணக்கான மாடல்களுக்கு. இதற்காகத்தானே, அப்டேட்டை எளிதாக்கும் ஏற்பாடுகளாக, 2017இல் டிரெபிள் வந்தது, 2019இல் மெயின்லைன் வந்தது, அப்புறம் எல்லோருக்கும் பொதுவான கெர்னலும் வந்தது. பாதை போட்டாகிவிட்டது. ஆனால் டிரைவர்களின் ஓட்டைகள் இன்னும் உங்கள் கையால்தான் அடைபட வேண்டும், அந்தக் கைதான் மெதுவாக நகர்கிறது.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று. 2018இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கார்ஸ்டன் நோலும் யாகோப் லெலும் பல போன்களின் மென்பொருளைப் பிரித்துப் பார்த்தார்கள். செட்டிங்ஸில் புதிய பேட்ச் தேதியைக் காட்டிய சில போன்களில், அந்தத் தேதிக்குள் வந்திருக்க வேண்டிய திருத்தங்கள் பல இல்லவே இல்லை. என் செயலி அந்தத் தேதியைக் கேட்டுப் பார்த்துத்தான் சில முடிவுகளை எடுக்கிறது. மிகப் பழைய தேதி என்றால் பணம் அனுப்பும் பகுதியைத் திறக்க விடுவதில்லை. தேதியே பொய் என்றால் நான் எதை வைத்து முடிவெடுப்பது? தாமதத்துக்காவது காரணம் சொல்லலாம். அடைக்காத ஓட்டையை அடைத்ததாகக் காட்டுவதற்குச் சொல்ல எந்தக் காரணமும் கிடையாது.

ஆகவே கேட்கிறேன். சிப் நிறுவனம் திருத்தத்தைக் கொடுத்த நாளையும், அது ஒவ்வொரு மாடலுக்கும் போய்ச் சேர்ந்த நாளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பொதுவில் வெளியிடுங்கள். அந்த இரண்டு தேதிக்கும் உள்ள இடைவெளியை யாரும் பார்க்கலாம் என்ற நிலை வந்தாலே அது சுருங்கும். கெர்னலின் நிலையான பதிப்பில் வரும் திருத்தங்களை, சிவிஇ எண் இருக்கிறதா என்று பார்க்காமல், மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். பைண்டர் ஓட்டை நழுவியது அந்த எண்ணுக்காகக் காத்திருந்ததால்தான்.

பேட்ச் எந்த நாள் வரைக்கும் வரும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் குறைந்தபட்ச ஆதரவுக் காலத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் ஐந்து ஆண்டு அப்டேட் கிடைக்க வேண்டும். பிக்சல் 8க்கும் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டு என்று அறிவித்தார்கள், ஆக முடியாத காரியம் ஒன்றும் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தும் நாட்டில் கொடுக்கிற பேட்சை மற்ற நாட்டுக்காரருக்குக் கொடுக்காமல் இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. ஆதரவை நிறுத்தும் நாளில் அந்த மாடலின் பூட்லோடரை (போனைத் தொடங்கிவைக்கும் நிரலை)த் திறக்க முறையான வழியைக் கொடுங்கள், டிரைவர்களின் நிரலையும் முடிந்தவரை வெளியிடுங்கள். 2014இல் டவல்ரூட் என்ற ரூட் எடுக்கும் செயலி வந்தபோது, தங்கள் சொந்தப் போனைத் திறப்பதற்காகவே ஒரு கெர்னல் ஓட்டையை எத்தனையோ பேர் தேடிப்போய்ப் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்டவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நீங்கள் கைவிட்ட போனுக்கு அவர்கள் பேட்ச் போட்டுக்கொள்வார்கள், தடுக்காமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் போன்களை நம்பிச் செயலி எழுதும் ஒருவர்