இரண்டாந் தவணை: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

வணக்கம். இரண்டாந் தவணை நிறைவுக்கு வந்துவிட்டது. தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் விளையாட்டிலும் பிள்ளைகள் உற்சாகமாகப் பங்குபற்றினார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் ஐந்தாந் தரத்தினருக்கு எமது வாழ்த்துகள். தேர்ச்சி அறிக்கைகளைத் தவணையின் கடைசி நாளன்று வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

இனி, இடைவேளைச் சாப்பாடு பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

கடைப் பாக்கெட்டுகளுக்குப் பதிலாகக் கச்சான் (நிலக்கடலை), கஜு, பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை), பேரீச்சம்பழம் கலந்து வீட்டிலேயே செய்து கொடுங்கள் என்று தவணைத் தொடக்கத்தில் கேட்டிருந்தோம். நிறையப் பேர் செய்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் சில பெட்டிகளைத் திறந்தால் கச்சான் நமுத்து, பிளம்ஸோடு ஒட்டி, பழைய எண்ணெய் வாடை வீசுகிறது. கொழும்பு மழைக்காலத்தின் ஈரக்காற்று ஒரு காரணம். செய்முறையிலும் சில இடங்களில் கவனம் வேண்டும்.

இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை வாரத்துக்கான அளவு இது: கச்சான் 100 கிராம், கஜு 75, பூசணி விதை 25, பிளம்ஸ் 60, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 40. மொத்தம் 300 கிராம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஒரு சிறு கைப்பிடி, அதாவது 30 கிராம், போதும்.

கச்சான், கஜு, பூசணி விதை மூன்றையும் ஒன்றாகத் தாச்சியில் போட வேண்டாம். கச்சான் வறுபட மெல்லிய நெருப்பில் 12 முதல் 15 நிமிடம் எடுக்கும்; கஜு அதற்குப் பாதி நேரத்திலேயே சிவந்துவிடும்; பூசணி விதை வெடிக்கத் தொடங்கியதும் இறக்க வேண்டும். நீங்கள் விரும்பும் நிறத்துக்குச் சற்று முன்பே இறக்குங்கள். உள்ளே இருக்கும் சூட்டில் பருப்பு மேலும் கறுக்கும், கசப்பு அப்போதுதான் வருகிறது. தூள் உப்பு பெட்டியின் அடியில்தான் தங்கும். அரைத் தேக்கரண்டி உப்பை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, கடைசி இரண்டு நிமிடத்தில் தெளித்துக் கிளறினால் பருப்பிலேயே படிந்து காயும்.

பிறகு சுளகில் பரப்பி, கச்சான் தோலைக் கசக்கிப் புடைத்துவிட்டு, ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூட்டோடு போத்தலில் அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்க்கும். அந்தத் துளிகளே பூஞ்சணத்துக்குப் போதும். பிளம்ஸும் பேரீச்சையும் வேறு போத்தலில் இருக்கட்டும். அவற்றின் ஈரத்தை வறுத்த பருப்பு உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் ஒரே இரவில் நமுக்கிறது. காலையில் பெட்டியில் போடும்போது மட்டும் கலவுங்கள். நறுக்கிய பேரீச்சையை வறுத்த அரிசிமாவில் புரட்டினால் ஒட்டாது. சொக்லேட் எமது வெயிலில் உருகிவிடும், தவிருங்கள்.

கச்சான் வாங்கும்போதே நாலைந்தைப் பிளந்து பாருங்கள். பருப்பின் நடுவே பச்சையாகவோ கறுப்பாகவோ தூள் படிந்திருந்தால் முழுப் பொதியையும் எறியுங்கள். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுமையாகப் போகாது. கெட்டதைப் பொறுக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுப்பது பாதுகாப்பல்ல.

முதலாம், இரண்டாம் தரப் பிள்ளைகளுக்கு முழுப் பருப்பு வேண்டாம். ஓடியும் சிரித்தும் சாப்பிடும் வயது, மூச்சுக்குழாயில் சிக்கும். இடித்து, பேரீச்சையோடு பிசைந்து சிறு உருண்டையாகக் கொடுங்கள்.

அடுத்த விடயத்தைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். கச்சானோ கஜுவோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் எமது வகுப்புகளில் இருக்கிறார்கள். “கொஞ்சம் சாப்பிட்டால் பழகிவிடும்” என்று எவரும் சொல்லக் கூடாது. ஒரு துண்டே உதட்டை வீங்கவைத்து, தொண்டையை இறுக்கி, மூச்சை அடைத்துவிடலாம். பகிர்ந்து சாப்பிடு என்று சொல்லி வளர்ப்பது நல்ல பழக்கம்தான். ஆயினும் இந்தக் கலவையைப் பாடசாலையில் எவருக்கும் கொடுக்கவும் எவரிடமும் வாங்கவும் கூடாது. சாப்பிட்டதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். எந்த வகுப்புக்குப் பருப்பில்லாப் பெட்டி என்று அறிவித்திருக்கிறோமோ, அந்த வகுப்புக்குப் பருப்பு வந்தால் பெட்டி அலுவலகத்தில் வைக்கப்பட்டு மாலையில் உங்களிடம் தரப்படும். இதில் விதிவிலக்கு இல்லை.

அந்த வகுப்புகளுக்கு இரவு ஊறவைத்து, அவித்து, நன்றாக உலர்த்தி வறுத்த கொண்டைக்கடலை, பூசணி விதை, வறுத்த தேங்காய்ச் சொட்டு, பிளம்ஸ் கலந்து கொடுக்கலாம். கச்சான் வறுத்த தாச்சியையும் சுளகையும் முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். கச்சான் ஒத்துக்கொள்ளாத சிலருக்குக் கொண்டைக்கடலையும் ஒத்துக்கொள்ளாது; அவர்களின் பெற்றோர் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். பிள்ளைக்கு ஒவ்வாமை இருந்தால் மருத்துவரின் கடிதத்தையும், தரப்பட்ட மருந்தையும், உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் எமக்குத் தாருங்கள். மூச்சு முட்டினால் நாம் முதலில் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்துவிட்டே உங்களை அழைப்போம்.

வேலைக்கு ஓடும் காலையில், அடுப்படியில் நின்று பிள்ளைக்கென்று வறுத்துக் கட்டிக்கொடுப்பது இலேசான காரியமல்ல என்பது எமக்குத் தெரியும். அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்ட ஒவ்வொரு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் எமது மனமார்ந்த நன்றி. இணைத்துள்ள ஒவ்வாமை விபரப் படிவத்தை நிரப்பி, மூன்றாந் தவணையின் முதல் நாளன்று பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்