பெயரை மாற்றிவிட்டால் போயிற்றா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிரேட்மார்க் (வணிகப் பெயர், சின்னத்துக்கான உரிமை) தகராறில் மாட்டிக்கொண்ட சிறுவர் விளையாட்டு அறக்கட்டளை ஒன்றைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், பேசாமல் பெயரை மாற்றிக்கொண்டு விளையாட்டைக் கவனிக்கலாமே என்று போகிற போக்கில் ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள் பாருங்கள், அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கும் இதே மாதிரி ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. பள்ளி விட்டு வருகிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கால்பந்து சொல்லிக்கொடுக்கிற சின்ன அமைப்பு எங்களுடையது, சம்பளத்துக்கு ஒருவர்கூடக் கிடையாது. (பெயரை இங்கே எழுதவில்லை. அதைச் சொல்லப்போய்தானே அவ்வளவும் வந்தது.)

எங்கள் பெயர் தங்களுடைய டிரேட்மார்க், 14 நாளுக்குள் அதை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும் என்று நோட்டீஸ். பெயரை மாற்றுவது என்றால் பலகையை மாற்றுவது என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். வங்கிக் கணக்கு, பதிவுப் பத்திரம், மைதானத்துக்கான அனுமதிக் கடிதம், நன்கொடை ரசீது, அப்புறம் பத்து வருஷமாக அந்தப் பெயரை நம்பிப் பிள்ளையை அனுப்புகிற பெற்றோர். அந்த வாரமே ஒரு போட்டி வேறு. எதற்கு வம்பு என்று ஜெர்சியில் நெஞ்சுப் பக்கம் இருந்த பெயரின் மேல் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி இறக்கினோம். இடைவேளைக்குள் வியர்வையில் பாதிப் பேருக்கு அது உரிந்து தொங்கியது. எங்கள் கோல்கீப்பர் பையன் முழுசாகப் பிய்த்து, சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, "நாம என்ன திருடிட்டோமா சார்?" என்று கேட்டான்.

திருடவில்லை. ஆனால் தப்பு எங்கள் பக்கமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அறக்கட்டளையாகப் பதிவு செய்துவிட்டோம், ஆகவே பெயர் நம்முடையது என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தோம். அது வேறு, டிரேட்மார்க் பதிவு வேறு. டிரேட்மார்க்கில் பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், பெரும்பாலான நாடுகளில் இதே பட்டியல்தான். பயிற்சி தருவது, விளையாட்டு நடத்துவது எல்லாம் 41-ஆம் வகுப்பு. உடை 25. எதிர்த்தரப்பு பதிவு செய்திருந்தது 25-இல். நாங்களோ மைதான வாடகைக்காக ஜெர்சியைப் பெற்றோருக்கு விற்றுக்கொண்டிருந்தோம்! பிடி அங்கேதான் கிடைத்தது அவர்களுக்கு. வகுப்பு வேறு என்பதாலேயே தப்பித்துவிடவும் முடியாது, பார்க்கிறவர்கள் இரண்டும் ஒரே இடத்துச் சரக்கு என்று குழம்புவார்களா என்பதுதான் கேள்வி.

எங்களைக் காப்பாற்றியது ஒரு சான்றிதழ். முதல் வருஷ முகாமில் கலந்துகொண்ட ஒரு பையனின் அம்மா அதை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருந்தார். பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் பளிச்சென்று இருந்தன. அவர்கள் பதிவுக்கு விண்ணப்பித்ததற்கு மூன்று வருஷம் முந்தைய தேதி. யார் முதலில் புழங்கினார்கள் என்று பார்க்கிற சட்டம் பல நாடுகளில் இருக்கிறது, யார் முதலில் பதிந்தார்கள் என்பதையே முக்கியமாகப் பார்க்கிற நாடுகளும் உண்டு. எங்களுக்கு முதல் வகைச் சட்டம் அமைந்தது அதிர்ஷ்டம்தான். எங்கள் அலுவலக அலமாரியில் அந்த வருஷத்துக் காகிதம் ஒன்றுகூட இல்லை.

அறக்கட்டளை என்றால் தோற்றுத்தான் ஆக வேண்டும் என்கிற தொனியும் கட்டுரையில் இருந்தது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற எழுத்துகளுக்காக வனவிலங்கு நிதியமும் மல்யுத்த நிறுவனமும் மோதியதில், 2002-இல் பெயரை மாற்றிக்கொண்டது மல்யுத்தக்காரர்கள்தான். எதிர் உதாரணமும் உண்டு. 1982-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒருபால் ஈர்ப்பாளர்களுக்காக 'கே ஒலிம்பிக்ஸ்' என்ற போட்டியை நடத்தக் கிளம்பியவர்களை அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி தடுத்தது, 1987-இல் உச்ச நீதிமன்றமும் கமிட்டி பக்கமே நின்றது. 'ஒலிம்பிக்' என்ற சொல்லுக்கென்று அங்கே தனிச் சட்டமே இருக்கிறது. போட்டி 'கே கேம்ஸ்' என்ற பெயரில் இன்றும் நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. பெரிய நிறுவனங்கள் எப்போதும் ஒரு பாட்டுப் பாடும்: நாங்கள் தடுக்காவிட்டால் எங்கள் உரிமையே போய்விடும், என்ன செய்வது? இது பாதி உண்மை. கண்டுகொள்ளாமல் விட்டால் சின்னம் பலவீனமாகும், சரி. ஆனால் இரண்டு பேரும் அவரவர் எல்லையில் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம் போடுவதும் உரிமையைக் காக்கிற வழிதான். எங்களுக்கு முடிந்தது அப்படித்தான், இரண்டே பக்கக் காகிதத்தில். நாங்கள் உடை விற்பதில்லை, அவர்கள் பயிற்சி முகாம் நடத்துவதில்லை, எங்கள் பெயருக்குக் கீழே 'இளைஞர் கால்பந்து' என்று சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு எட்டு மாசம் ஆயிற்று. எங்கள் செயலாளருக்கு இரத்த அழுத்த மாத்திரை ஆரம்பமானதும் அப்போதுதான், அதை நோட்டீஸ் கணக்கில் எழுதலாமா தெரியவில்லை.

அந்த அமைப்பினர் நோட்டீஸுக்குப் பதில் போட்டார்களா என்று உங்கள் கட்டுரையில் இல்லை. பயத்தில் பேசாமல் இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம், நாங்களே ஒன்பது நாள் அப்படி இருந்தோம். உங்கள் நிருபர் மறுபடி அவர்களைப் பார்க்கப் போனால், பழைய மாணவர்களின் வீடுகளில் சான்றிதழ் ஏதாவது கிடைக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்